கேத வீட்டில் போட்ட நாற்காலி

என் மனைவியின் இடுப்புக்குள் வைத்த உலோகப் பந்தை நான் எக்ஸ்ரே படத்தில்தான் பார்த்தேன். சுற்றியிருந்த எலும்பெல்லாம் சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடக்க, அது மட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்தது. பெரிய டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, "பாருங்க, எவ்வளவு கச்சிதமா உக்காந்திருக்கு" என்றார். எனக்குக் கச்சிதம் கண்ணில் படவில்லை. இது கழன்றால் என்ன ஆகும் என்றுதான் கேட்டேன்.

"ஏன் கழலப் போகுது? சொன்னபடி நடந்துகிட்டா கழலாது."

சொன்னபடி நடந்துகொள்வது என்கிற அந்தப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து, பல மாதம் அதோடு குடித்தனம் நடத்தினேன்.

இது நடந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்களில். மதுரையை ஒட்டிய ஆனையூரில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறையில் வேலை. அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போய்ப் பாசியில் வழுக்கி விழுந்திருந்தாள். கட்டுப் போட்டார்கள், எண்ணெய் ஊற்றினார்கள், எழுந்து நடந்தாள். ஆனால் நடை கோணிக்கொண்டே போனது. கடைசியில் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொடையெலும்பின் உச்சியில் பந்து மாதிரி இருக்கும் பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று, அந்த எலும்பு செத்துவிட்டது என்றார்கள். ஆள் உயிரோடு இருக்கும்போது உள்ளே ஒரு எலும்பு மட்டும் தனியாகச் சாக முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்று முதல் என் முழங்கையையும் விரல்களையும் அழுத்திப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

செத்த எலும்பை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைத்தார்கள். வலி போய்விட்டது. அது பொய்யில்லை. ஆனால் சம்மணம் போடக் கூடாது, குத்துக்கால் வைக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, தரையில் உட்காரவே கூடாது என்றார்கள். மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். நான் வீட்டிலிருந்த பாய்களை எல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். அடுப்பை மேசைக்கு ஏற்றினேன். அருவாமனையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கத்தி வாங்கினேன். கக்கூசுக்கு நாற்காலி நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். பட்டறையில் நிற்கும்போதும், அவள் மறதியில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பாளோ என்று தோன்றும். உடனே கை வேலையில் நிற்காது. டீ குடிக்கப் போகிற சாக்கில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன்.

"வேலயப் பாருங்க. நான் எங்குனயும் ஓடிப்போகல" என்பாள் நாற்காலியில் இருந்தபடி.

மூட்டு மாற்றியவர்களை இத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்று வரவழைத்து, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்து எழுதும் ஆராய்ச்சி ஒன்று அந்த ஆஸ்பத்திரியில் நடந்தது. அதைச் செய்தவர் அங்கே மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த சின்ன டாக்டர். சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டால் எங்களில் ஒருவர் மாதிரிதான் பேசுவார். அவர் கேள்விகளைப் படித்து, பதிலுக்கு மார்க் போடுவார்.

"வலி இருக்காம்மா?"

"இல்ல தம்பி."

"படி ஏறுறீங்களா?"

"கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு ஏறுவேன்."

"பஸ்ல?"

"கூட்டம் இல்லாத வண்டின்னா ஏறுவேன். கூட்டம் இருந்தா இவரு விட மாட்டாரு. நான் உக்காருறதுக்குள்ள கண்டக்டரு விசிலடிச்சுருவாருன்னு இவருக்குப் பயம்."

"சாக்ஸ், ஷூவெல்லாம் நீங்களே மாட்டிக்கிற முடியுதா?"

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள். "சாக்ஸா? நான் எந்தக் கான்வென்டுக்குத் தம்பி போறேன்?"

சின்ன டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "தாள்ல இருக்குதும்மா, கேக்கணும். குனிஞ்சு பாதத்தத் தொட முடியுதான்னு அர்த்தம். சரி, நாற்காலில ஒரு மணி நேரம் சேந்தாப்புல உக்காருவீங்களா?"

"ஒரு மணி நேரமா? நாள் பூரா அதுலதான். ஜட்ஜம்மா கணக்கா உக்கார வச்சிருக்காரு."

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. "தரையில உக்காருறதப் பத்தி ஒண்ணும் கேக்கலையே சார்?" என்றேன்.

"அதான் உக்காரவே கூடாதுன்னு சொல்லியாச்சுல்லண்ணே" என்றவர், தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேள்வியெல்லாம் வெளிநாட்டுல தயார் பண்ணுனது. அங்குன யாரு தரையில உக்காருறா?" என்றார். பிறகு அவளிடம் திரும்பி, "இந்த வருசம் பண்ணுனதுல ஒங்களுக்குத்தான்ம்மா நல்ல மார்க்" என்றார்.

"பள்ளிக்கூடத்துல வாங்காதத இங்குன வாங்கிட்டேன்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பேரிடம் அதைச் சொன்னாள்.

அந்த மார்க்கினால்தான் டாக்டர்கள் கூடிய கூட்டமொன்றில் அவளை நடக்கச் சொன்னார்கள். பெரிய ஓட்டல் மண்டபம். தரை முழுவதும் முகம் தெரியும்படி பளபளவென்று கல். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டுச் சேலையில் மேடைப்படி ஏறி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்து, திரும்பி வந்தாள். திரையில் அவளுடைய இடுப்பு எலும்பு ஆளுயரத்துக்குத் தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பெரிய டாக்டர் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, மறுபடி கைதட்டினார்கள். அவள் கும்பிட்டாள். இறங்கி வந்து, "நல்லா நடந்தேனா?" என்றாள். வழுக்கவில்லை என்றேன். எனக்கு அதைத்தான் சொல்லத் தெரிந்தது.

அவளுக்கு மேலூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் அண்ணன் இருந்தார். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். கல் குவாரியில் வேலை பார்த்துப் பார்த்து நெஞ்சு காய்ந்து, அந்த வருடம் படுத்த படுக்கையானார். பார்த்துவிட்டு வந்த ஒவ்வொரு முறையும் அவள் பேச்சு ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். அவர்கள் ஊரில் சாவு விழுந்தால் கூடப்பிறந்தவள்தான் தலைமாட்டில் உட்கார வேண்டும். கேதத்துக்கு வரும் பெண்கள் அவளைத்தான் முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள். தோளோடு தோள் சேர்த்து, தலையோடு தலை முட்டி, தரையில் உட்கார்ந்துதான் அந்த அழுகை நடக்கும்.

"எங்கண்ணனுக்கு நான் ஒருத்திதான்" என்பாள். இருக்கிற மனிதருக்காக வருத்தப்படுவதை விட்டுவிட்டு, அவர் சாகும் நாளில் இவள் எங்கே உட்காருவாள் என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் நல்லபடியாக இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று சாமி கும்பிட்டேன். அவர் பட்ட பாட்டுக்கு அது நல்ல வேண்டுதல் இல்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளே சின்ன டாக்டரிடம் கேட்டாள். "தம்பி, ஒரே ஒரு நாளு தரையில உக்காந்தா என்ன ஆகும்?"

"வேணாம்மா."

"மடக்க மாட்டேன். கால நீட்டிக்கிருவேன்."

"நீட்டிக்கிட்டு உக்காந்தாலும் எந்திரிக்கிறப்ப மடக்கணும்ல? எதுக்குக் கேக்குறீங்க?"

சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டார். அவர் ஊரிலும் அதே வழக்கம்தான் போலிருக்கிறது, முகத்தில் தெரிந்தது. "சேர் போட்டு உக்காருங்கம்மா. சொன்னாப் புரிஞ்சுக்குவாக."

"எழவு வீட்டுல போயி யாருக்குத் தம்பி சொல்லிப் புரிய வைக்கிறது?"

அவர் பேனாவை எடுத்து அடுத்த கேள்வியைப் படித்தார்.

மச்சான் போய்விட்டார் என்று காலையில் எதிர்வீட்டுப் போனுக்குத் தகவல் வந்தது. பஸ்ஸில் மேலூர் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்களுக்கு வாடகை நாற்காலி வரிசையாகக் கிடந்தது. பெண்கள் எல்லாம் உள்ளே, உடம்பைச் சுற்றித் தரையில். நான் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே உள்ளே போனேன்.

"ஏய்யா, ஆம்பளைக்கு இங்குன என்ன வேல?" என்றது ஒரு குரல்.

"அவளுக்கு ஆப்பரேசன் பண்ணியிருக்கு. கீழ உக்காரக் கூடாது" என்றேன். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. நாற்காலியைத் தலைமாட்டில் போட்டேன். அவள் அதில் உட்கார்ந்தாள். அப்போதுதான் நானே பார்த்தேன். செத்தவர் தரையில் பாயில் கிடக்கிறார். அவரைச் சுற்றி எல்லாத் தலையும் தாழ இருக்கிறது. என் மனைவி மட்டும் உயரத்தில், திருவிழாவில் நாடகம் பார்க்க வந்தவள் மாதிரி இருந்தாள். அவள் அழுதாள். ஆனால் அழுகை தனியாக மேலே நின்றது. எந்தத் தோளிலும் அது போய்ச் சேரவில்லை.

வெளியே வந்து வாசலுக்கு நேராக உட்கார்ந்துகொண்டேன். உள்ளே பேசுவது கேட்டது.

"டவுன்ல வாக்கப்பட்டா இம்புட்டு ஒசரத்துக்குப் போயிரணுமாக்கும்."

"அண்ணே கீழ கெடக்கான், தங்கச்சி மேல குந்தியிருக்கா."

"சும்மா கெடங்கடி, அதுக்கு இடுப்பு சொகமில்லையாம்."

"யாருக்குத்தான் இடுப்பு சொகமா இருக்கு? எனக்குந்தான் இத்துப்போய்க் கெடக்கு. நான் உக்காரல?"

இந்தப் பேச்சுக்கு அவள் அசைந்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வாய்க்கு வாய் திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவள். ஆனால் அவளுடைய மதினி, அண்ணன் பெண்சாதி, அந்த நேரம்தான் மயக்கம் தெளிந்து உள்ளறையிலிருந்து வந்தாள். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நாத்தனாரைக் கண்டதும், "ஒன்னய விட்டுட்டுப் போயிட்டாகளே ஆத்தா" என்று தரையிலிருந்தபடியே இரண்டு கையையும் மேலே நீட்டினாள். கட்டிக்கொள்ள இவள் குனிந்து பார்த்தாள். எட்டவில்லை. மதினியின் கை இவளுடைய முழங்காலைத்தான் பிடித்தது.

ஆட்கள் வந்து எனக்கு முன்னால் நின்றார்கள். அவர்கள் நகர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது.

எழுந்து ஓடத்தான் நினைத்தேன். வாசலை அடைத்துக்கொண்டு கோடித்துணி கொண்டுவந்தவர்கள் நின்றார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். காலை நீட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் தோள் சேர்த்து ஆடி ஆடி அழுதுகொண்டிருந்தார்கள். அவளுடைய குரல் இப்போது மற்றக் குரல்களுக்குள் போய்விட்டது. தனியாகப் பிரித்துக் கேட்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர், "உக்காருங்க மாப்ள. பொம்பளையாளுக அழுதாத்தான் தீரும்" என்றார். உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையிலேயே வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை.

எடுக்கிற நேரம் வந்தது. வெளியே கொட்டுச் சத்தம் ஏறியது. உடம்பைத் தூக்க ஆண்கள் உள்ளே நுழைந்தார்கள். கடைசியாக அண்ணன் முகத்தைப் பார்க்க அவள் காலை மடக்கி முன்னால் சாய்ந்திருக்கிறாள். அப்போதுதான் உள்ளே ஏதோ கடக்கென்று நழுவியது என்று பிறகு சொன்னாள். அவள் அலறினாள்.

அண்ணனைத் தூக்குகிறார்கள், தங்கச்சி அலறுகிறாள். யாருக்கு என்ன தோன்றும்? "அழுகட்டும், அழுகட்டும். மனசுல உள்ளது எறங்கட்டும்" என்றார்கள். அவள், "கால் போச்சே, என் கால் போச்சே" என்று கத்தியிருக்கிறாள். "கால் கை எல்லாம் போன மாதிரிதான் இருக்கும் ஆத்தா, கூடப்பொறந்த பொறப்புல்ல" என்று ஒருத்தி சேர்ந்து அழுதிருக்கிறாள். எல்லோரும் எழுந்து உடம்புக்குப் பின்னால் வாசல்வரை வரவேண்டும். அதனால் இரண்டு பெண்கள் அவளுக்கு ஒரு பக்கத்துக்கு ஒருத்தியாக நின்று, "எந்திரி, எந்திரி, அண்ணன வழியனுப்பு" என்று கையைப் பிடித்துத் தூக்கினார்கள். அவள் இன்னும் அலறினாள். அவர்கள் இன்னும் அன்பாக, இன்னும் பலமாகத் தூக்கினார்கள்.

எனக்கு அந்தக் குரல் தெரியும். குழாயடியில் விழுந்த அன்று கேட்ட குரல். ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவளுடைய பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது.

"விடுங்க, விடுங்க, தூக்காதீக" என்று நான் கத்தினேன்.

"மாப்பிள்ளையும் அழுகுறாரு பாரு" என்றது ஒரு கிழவியின் குரல்.

மச்சானின் பாடைத் தேர் தெற்கே போனது. நாங்கள் பந்தல் சாமான் ஏற்றி வந்த வேனில் கயிறுகளுக்கும் கம்புகளுக்கும் நடுவில் அவளைப் படுக்க வைத்து மேற்கே மதுரைக்கு வந்தோம். ஒவ்வொரு குழிக்கும் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.

மயக்கம் கொடுத்து இழுத்துப் பந்தைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தார்கள். கால்களுக்கு நடுவில் மரச்சட்டம் வைத்துக் கட்டிப் பல வாரம் படுக்கையில் போட்டார்கள். பெரிய டாக்டர் வந்து படத்தைப் பார்த்தார். "படிச்சுப் படிச்சுச் சொன்னோமே" என்றார். அவர் கோபப்படவில்லை. ஆராய்ச்சியில் ஒரு நல்ல ஆள் குறைந்துவிட்ட வருத்தம்தான் குரலில் இருந்தது. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் பட்டறையில் நன்றாக ஒட்டிக்கொடுத்த டயர் வெடித்து வந்தால் எனக்கும் அப்படித்தான் இருக்கும்.

சின்ன டாக்டர் சாயங்காலம் தனியாக வந்தார்.

"தம்பி, என் மார்க்கு போச்சா?" என்றாள்.

"மார்க்க விடுங்கம்மா." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தரையில உக்காருறது, கேதம், கோயில், பந்தி இதெல்லாம் தனியாச் சேத்துக் கேக்கணும்னு நான் பெரிய டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டேன். சேத்தா மத்த ஊரு ஆராய்ச்சியோட வச்சுப் பாக்க முடியாதுன்னுட்டாரு. அவரு சொல்றதும் சரிதான்." எழுந்துகொண்டே, "ஆனா கேட்டிருந்தாலும் ஒங்களத் தடுத்திருக்க முடியுமாம்மா?" என்றார்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "முடியாது" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் அவள் இல்லாமல் நடந்தது. மதினி ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "நான் கைய நீட்டாம இருந்திருக்கணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைச் சமாதானப்படுத்துவதே எங்களுக்குப் பெரிய பாடாகிவிட்டது.

ஒரு தடவை கழன்ற மூட்டு மறுபடி கழல இடம் தேடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு, கட்டிலில் புரண்டு படுத்ததற்கே கழன்றது. மறுபடியும் திறந்து வேறு கிண்ணம் வைத்தார்கள். புண் ஆற நாளானது, சீழ் வைத்தது, கால் கட்டையாகிப் போனது. அதற்குப் பிறகு அவள் கைத்தடி இல்லாமல் வாசல்வரைகூட வந்ததில்லை. சின்ன டாக்டர் படிப்பை முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போனார். போகுமுன் எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். அவருடைய ஆராய்ச்சியில் இவளைத் தனியாக, சிக்கல் வந்தவர்கள் கணக்கில் வைத்து எழுதியிருப்பதாகச் சொன்னார். தலையாட்டினோம்.

இவ்வளவும் நான் எதிர்பார்த்துப் பயந்தவைதான். எதிர்பாராதது ஒன்று மெல்ல வந்து சேர்ந்தது. சாவுச் செய்தி எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது.

முதலில் எனக்கு அது தெரியவில்லை. இந்த வருடம் அவ்வளவாகச் சாவு இல்லை என்றுகூட நிம்மதியாக நினைத்தேன். ஒருநாள் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் நிற்கும் பக்கத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைப் பார்த்தேன். பொட்டு வைத்த வயதான முகம். என் மனைவியின் சின்னம்மா. பசை காய்ந்து, ஓரத்தை ஆடு தின்றிருந்தது. எடுத்து நாளாகியிருந்தது.

போன் போட்டபோது மதினி ஒளிக்கவில்லை. "நாங்கதாண்ணே சொல்ல வேணாம்னு முடிவு பண்ணுனோம். தெரிஞ்சா அது கெளம்பி வந்துரும். வந்தா உக்காந்துரும். அந்தப் பாவத்த மறுபடி யாரு சொமக்குறது? சாதிசனம் பூராத்துக்கும் சொல்லி வச்சிருக்கோம். நீங்க ஒண்ணும் நெனைக்காதீக."

என்ன நினைப்பது? நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எனக்கு மனதின் ஒரு மூலையில் ஆறுதலாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"எடுத்துட்டாகளா?"

"எடுத்து நாளாச்சு."

"சின்னம்மாவுக்குப் பொம்பளப் புள்ள கெடையாதே. நாந்தான மக மொற" என்றாள். பிறகு, "வேற யாரு யாரு போயிருக்காக, எனக்குத் தெரியாம?" என்றாள்.

அதை நான் மதினியிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அவள் நாற்காலியில் இருந்தபடியே அழ ஆரம்பித்தாள். ஊரில் அழுவது மாதிரி, ராகம் எடுத்து, சின்னம்மாவின் பெருமையைச் சொல்லிச் சொல்லி. ஒரு அடி பாடிவிட்டு நிறுத்துவாள். அடுத்த அடியை எடுக்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தானே எடுப்பாள். நான் சுவரோரம் நின்றேன். பக்கத்தில் போய் அவள் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அது ஆண்கள் செய்கிற காரியமில்லை. எனக்கு அது வரவும் இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, "என்னண்ணே, அக்காவுக்குக் கால் வலியா? ஆட்டோ கூப்புடவா?" என்றாள்.

"ஆமாம்மா, கால் வலிதான்" என்றேன். "செத்த நேரத்துல சரியாயிரும்."